கியர் ரேஷியோவும் ஃபைனல் டிரைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு கார்களின் கியர் ரேஷியோ பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். கணக்குக்காக ஒரு சாதாரண பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம்: 5 கியர்கள், முறையே 3.55, 1.90, 1.28, 0.97, 0.76, ஃபைனல் டிரைவ் 4.10, டயர் 185/65 ஆர்15, ரெட்லைன், அதாவது இன்ஜின் தாண்டக் கூடாத எல்லை, 6000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6000 சுற்று). கீழே ‘நம் கார்’ என்று வருவதெல்லாம் இதுதான்.

கியர் ரேஷியோ 3.55னு போட்டிருக்கே, எதை எதால வகுக்கறாங்க?

சுற்றப்படும் சக்கரத்தின் பல் எண்ணிக்கையை, சுற்றிவிடும் சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். 11 பல் சக்கரம் 39 பல் சக்கரத்தைச் சுற்றினால் 39 ÷ 11 = 3.545. இன்ஜின் மூன்றரைச் சுற்று சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து ஒரு சுற்று வெளியே வருகிறது. சுற்று எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு டார்க் (முறுக்குவிசை) பெருகும், உராய்வில் போவது போக.

எண் 1.00 என்றால் உள்ளே போன வேகமே வெளியே வருகிறது. 0.76 என்றால் இன்ஜினைவிட வெளி ஷாஃப்ட் வேகமாகச் சுற்றுகிறது. அதற்குத்தான் ஓவர்டிரைவ் என்று பெயர்.

அப்புறம் ஃபைனல் டிரைவ் தனியா எதுக்கு? கியர்பாக்ஸுக்குள்ளயே முடிச்சிருக்கலாமே?

ஃபைனல் டிரைவ் என்பது கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, எல்லா கியருக்கும் பொதுவாக நிற்கும் கடைசிக் குறைப்பு. பின்சக்கர இழுவைக் கார்களில் இது பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் வீல் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றும் சிறியது) ஜோடி. குறுக்காக வைத்த இன்ஜினுடன் வரும் முன்சக்கர இழுவைக் கார்களில் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே ஒரு சாய்பல் ஜோடியாக இருக்கும்.

ஒரே ஜோடிப் பல்சக்கரத்தில் 14 மடங்கு குறைக்க வேண்டுமானால் பெரிய சக்கரம் கூட்டுக்குள் அடங்காது. கியர்பாக்ஸின் ஷாஃப்ட்டுகளும் அந்தப் பெருகிய டார்க்கை முழுவதுமாகத் தாங்க வேண்டிவரும். குறைப்பை இரண்டாகப் பிரித்தால் பெரும்பாரம் கடைசி இடத்தில் மட்டும் விழும். இன்னொரு வசதி தயாரிப்பாளருக்கு: ஒரே கியர்பாக்ஸை லேசான காருக்கும் கனமான காருக்கும் போட்டு, ஃபைனலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ரெண்டையும் பெருக்கினா வர்ற நம்பர்தான் முக்கியமா?

ஆமாம். கியர் × ஃபைனல் = மொத்த ரேஷியோ. நம் காருக்கு முதல் கியரில் 3.55 × 4.10 = 14.56, ஐந்தாம் கியரில் 0.76 × 4.10 = 3.12. சக்கரத்துக்கு இந்தப் பெருக்குத்தொகை மட்டுந்தான் தெரியும். அதில் எவ்வளவு கியரிலிருந்து வந்தது, எவ்வளவு ஃபைனலிலிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. கீழே பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு வரிதான் பதில்.

ஒருத்தர் ஷார்ட் கியரிங்ன்றார், ஒருத்தர் லோ கியரிங்ன்றார், இன்னொருத்தர் ஹை ரேஷியோன்றார். மூணும் ஒண்ணா வேறயா?

பெரும்பாலும் மூவரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள், ஆனால் ‘ஹை’, ‘லோ’ என்ற சொற்கள் ஆளுக்கு ஆள் மாறும். எண் பெரிது என்பதால் 4.30ஐ ‘ஹை’ என்பவர்கள் உண்டு, அதே 4.30 குறைந்த வேகத்துக்கானது என்பதால் ‘லோ’ என்பவர்களும் உண்டு. ஷார்ட், டால் என்ற ஜோடியில் குழப்பம் இல்லை. ஷார்ட் என்றால் எண் பெரிது, இழுப்பு அதிகம், கியர் சீக்கிரம் தீர்ந்துவிடும். டால் என்றால் எண் சிறிது, ஆர்பிஎம் குறைவு, கியர் நீண்டு போகும். உதிரிபாகம் வாங்கும்போது எந்தப் பெயரும் வேண்டாம், எண்ணையே சொல்லிக் கேளுங்கள்.

100ல போகும்போது ஆர்பிஎம் எவ்வளவு நிக்கும்னு ஓட்டாமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதலில் டயரின் விட்டம். 185/65 ஆர்15 என்றால் பக்கச்சுவரின் உயரம் 185 × 0.65 = 120 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்து 240.5; ரிம் 15 × 25.4 = 381. ஆக மொத்தம் 621.5 மி.மீ. இதை 3.1416ஆல் பெருக்கினால் சுற்றளவு 1.95 மீட்டர். காரின் எடையில் டயர் சற்று அமுங்குவதால் உருளும்போது கிடைப்பது அதில் ஏறக்குறைய 3 சதவீதம் குறைவு, அதாவது 1.90 மீட்டர்.

ஆர்பிஎம் = வேகம் × 1000 ÷ 60 ÷ சுற்றளவு × மொத்த ரேஷியோ. 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 877 சுற்று. அதை நம் காரின் 3.116ஆல் பெருக்கினால் ஐந்தாம் கியரில் 2730 ஆர்பிஎம். திருப்பிப் போட்டால் ஒவ்வொரு கியரும் ரெட்லைனில் எங்கே முடியும் என்பதும் கிடைக்கும்: முதல் கியர் 47 கி.மீ., இரண்டாவது 88, மூன்றாவது 130, நான்காவது 172. ஐந்தாவதுக்குக் கணக்கில் 219 வரும். அந்த வேகத்தில் காற்றைத் தள்ள நம் காரிடம் பவர் கிடையாது, அதனால் அது வெறும் காகிதக் கணக்கு.

3 சதவீதத்தை நம்ப மனமில்லாவிட்டால், டயரில் தரை தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்தபடி காரை நேராக 5 சுற்று உருட்டி, தூரத்தை அளந்து 5ஆல் வகுங்கள். காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5ல ஃபைனல் டிரைவ் 2.866தான். டொயோட்டா 86ல 4.10. அப்போ 86தானே ஷார்ட்டா இருக்கணும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5இன் 2.0 லிட்டர், 6 கியர் மேனுவலில் எண்கள்: 5.087, 2.991, 2.035, 1.594, 1.286, 1.000. முதல் தலைமுறை 86 மேனுவலில்: 3.626, 2.188, 1.541, 1.213, 1.000, 0.767. இப்போது பெருக்கிப் பாருங்கள். முதல் கியரில் எம்எக்ஸ்-5 14.58, 86 14.87. வித்தியாசம் 2 சதவீதம். கடைசி கியரில் 2.87க்கு எதிராக 3.15.

மாஸ்டா ஆறாவது கியரை 1.000 ஆக, அதாவது நேரடி இணைப்பாக வைத்துவிட்டது. அந்த கியரில் பல் மேல் பல் உரசாமல் ஷாஃப்ட் நேராகச் சுற்றும், இழப்பு குறைவு. அதற்கு ஈடாக ஃபைனலைச் சிறிதாக்கி, கீழ் கியர்களைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 86இல் நேரடி இணைப்பு ஐந்தாவது; ஆறாவது ஓவர்டிரைவ். இருவரும் ஒரே இடத்துக்கு வேறு வழியில் வந்திருக்கிறார்கள். ஃபைனல் டிரைவ் எண்ணை மட்டும் வைத்து இரண்டு கார்களை ஒப்பிடுவது, சதுர அடி தெரியாமல் நீளத்தை மட்டும் வைத்து இரண்டு வீட்டை ஒப்பிடுவது மாதிரி.

அப்படின்னா சாதாரண காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் முதல் கியர்ல பெரிய வித்தியாசமே இல்லையா?

நம் கார் 14.56, எம்எக்ஸ்-5 14.58, 86 14.87, ஹோண்டா சிவிக் டைப்-ஆர் எஃப்கே8 (3.625 × 4.11) 14.90. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வரும். மேட்டில் நிற்கும் காரைக் கிளட்ச் எரியாமல் கிளப்ப வேண்டும், ஊர்ந்து போகும் நெரிசலில் அடங்கி ஓட வேண்டும். அந்தத் தேவை எல்லா காருக்கும் பொது. டார்க் மிதமிஞ்சி இருக்கும் காரில்தான் இது தளரும். செவ்ரோலே கார்வெட் சி6 மேனுவலின் அடிப்படைப் பெட்டியில் 2.66 × 3.42 = 9.10தான்.

வித்தியாசம் இருப்பது முதல் கியருக்குப் பிறகு: படிகளின் நெருக்கத்திலும், கடைசி கியரிலும், ரெட்லைன் எங்கே இருக்கிறது என்பதிலும்.

க்ளோஸ் ரேஷியோன்னு சொல்றாங்களே, அது என்ன? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அடுத்த கியரின் எண்ணை இப்போதைய கியரின் எண்ணால் வகுத்துப் பாருங்கள். நம் காரில் முதலிலிருந்து இரண்டாவதுக்கு 1.90 ÷ 3.55 = 0.535. 6000இல் கியர் மாற்றினால் முள் 3210க்கு விழும்; பாதிக்குப் பாதி. 86இல் அதே இடத்தில் 0.603. 7400இல் மாற்றினால் 4465இல் போய் நிற்கும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு 5210, மூன்றிலிருந்து நான்குக்கு 5825, நான்கிலிருந்து ஐந்துக்கு 6100. மேலே போகப் போக இடைவெளி சுருங்குகிறது. வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பும் கூடுவதால், பவர் உச்சத்தை விட்டு அதிகம் விலகக் கூடாது என்பதற்காக இந்த அமைப்பு.

இப்போது 86இன் கடைசிப் படியைப் பாருங்கள்: ஐந்திலிருந்து ஆறுக்கு 0.767, முள் 5675க்கு விழுகிறது. சுருங்கிக்கொண்டே வந்த இடைவெளி திடீரென அகலமாகிவிட்டது. ஆறாவது கியர் நெடுஞ்சாலைக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும். எந்தக் காரின் பட்டியலிலும் கடைசிப் படி முந்தைய படியைவிட அகலமாக இருந்தால் இப்படித்தான் படிக்க வேண்டும்.

ஹோண்டா எஸ்2000க்கு கணக்குப் போட்டா ரெவ் ரொம்பக் கம்மியா வருது. எங்க தப்பு?

கணக்கில் தப்பில்லை, ஒரு எண் விடுபட்டிருக்கிறது. எஸ்2000இன் கியர்பாக்ஸில் எல்லா கியருக்கும் பொதுவாக இன்னொரு குறைப்பு ஜோடி இருக்கிறது. ஏபி1 மாடலில் அது 1.160. முதல் கியர் 3.133 × 1.160 × 4.10 = 14.90. மேலே சொன்ன கும்பலில் இதுவும் வந்து சேர்ந்துகொண்டது பார்த்தீர்களா? ஆறாவது 0.810 × 1.160 × 4.10 = 3.85, அதனால்தான் அந்தக் கார் நெடுஞ்சாலையில் ஓயாமல் கத்துகிறது. கணக்குப் போட்ட ஆர்பிஎம்மும் முள் காட்டுவதும் 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் இப்படி ஒரு மறைந்த ஜோடியைத் தேடுங்கள்.

ஒரே காருக்கு ரெண்டு ஃபைனல் டிரைவ் நம்பர் போட்டிருக்காங்க. நாலாவது கியர் 1.08, அஞ்சாவது 1.09. அச்சுப்பிழைதானே?

இல்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 6 வேக டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) போன்ற பெட்டிகளில் நீளத்தைக் குறைப்பதற்காக இரண்டு வெளி ஷாஃப்ட்டுகள் இருக்கும். முதல் நான்கு கியர் ஒன்றில், ஐந்தும் ஆறும் மற்றொன்றில். ஒவ்வொரு ஷாஃப்ட்டின் முனையிலும் வேறு அளவில் ஒரு பினியன், இரண்டும் ஒரே பெரிய சக்கரத்தைச் சுற்றும்.

ஃபைனல் 4.12, 3.04 என்றால் நான்காவது 1.08 × 4.12 = 4.45, ஐந்தாவது 1.09 × 3.04 = 3.31. வரிசை சரியாகவே இருக்கிறது. எந்த கியர் எந்த ஃபைனலோடு சேரும் என்று தெரியாமல் பெருக்கினால் மட்டுமே குழப்பம்.

எல்லா நம்பரும் ஏன் 4.10, 3.73, 3.55னு கோணலா இருக்கு? 4.00னு நேரா வைக்கக் கூடாதா?

41 ÷ 10 = 4.10; 41 ÷ 11 = 3.73; 39 ÷ 11 = 3.55; 43 ÷ 10 = 4.30. இந்த ஜோடிகளுக்குப் பொது வகுத்தி கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் ஒவ்வொரு பல்லையும் முறை வைத்துச் சந்திக்கும். தேய்மானம் எல்லாப் பல்லிலும் சமமாகப் பரவும். 40க்கு 10 என்று வைத்தால் ஒரு பல் திரும்பத் திரும்ப அதே நான்கு பற்களையே அடித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தாலும் எதிர்ப்பற்கள் நான்கும் கெடும், சத்தமும் தாளம் போட்ட மாதிரி வரும்.

ஃபைனல் டிரைவை ஷார்ட்டா மாத்தினா பவர் கூடுமா?

கூடாது. இன்ஜின் கொடுக்கும் பவர் அதேதான். அதே கியரில், அதே வேகத்தில் சக்கரத்தில் வரும் இழுப்பு கூடும். அதற்கு விலையாக அந்த கியர் சீக்கிரம் தீரும். 4.10ஐ 4.30 ஆக்கினால் இழுப்பு 4.9 சதவீதம் கூடுகிறது, முதல் கியர் 47க்குப் பதில் 44.8இல் முடிகிறது. சரி, 46 கி.மீ. வேகத்தில் என்ன ஆகும்? பழைய ஃபைனலில் நீங்கள் இன்னும் முதல் கியரில், மொத்தம் 14.56. புதியதில் இரண்டாவதுக்குப் போய்விட்டீர்கள், மொத்தம் 1.90 × 4.30 = 8.17. அந்த ஒரு சின்ன இடத்தில் இழுப்பில் பாதிக்கு நெருக்கமாக இழந்துவிட்டீர்கள்.

ஆக, ஷார்ட் ஃபைனல் என்பது பெரும்பாலான இடங்களில் கொஞ்சம் லாபம், கியர் மாறும் ஓரங்களில் நிறைய நஷ்டம். கூட்டிக் கழித்தால் லாபமாகவே இருக்கும், ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இராது.

0–100 நேரம் குறையும்னாங்க. மாத்தினதுக்கு அப்புறம் கூடிடுச்சு. ஏன்?

இரண்டாவது கியர் 100ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். முன்பு 100ஐத் தாண்டிக்கொண்டிருந்த இரண்டாவது கியர், ஷார்ட் ஃபைனல் போட்டதும் 97இல் முடிந்தால் நடுவே ஒரு கியர் மாற்றம் கூடுகிறது. மேனுவலில் ஒரு மாற்றத்துக்கு அரை நொடிக்கு அருகில் போகும். மிச்சம் பிடித்தது எல்லாம் அதிலேயே கரைந்துவிடும். தயாரிப்பாளர்களே இதைக் கணக்கில் வைப்பார்கள். நம் காரில் ஃபைனல் 3.60 ஆக இருந்திருந்தால் இரண்டாவது கியர் சரியாக 100இல் முடியும். சோதனை எண் அழகாக வரும், மேட்டில் இழுப்பு சோம்பலாக இருக்கும்.

டர்போ காருக்கு இன்னும் ஷார்ட் முதல் கியர் போட்டா பறக்குமா?

டயர்தான் பறக்கும். கணக்கைப் பாருங்கள். நம் கார் 113 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 113 × 14.56 = 1645; உராய்வில் 8 சதவீதம் போக 1510; டயரின் ஆரம் 0.302 மீட்டரால் வகுத்தால் 5000 நியூட்டன் தள்ளுவிசை. முன்சக்கரங்களின் மேல் 600 கிலோ எடை இருந்து, பிடிப்பு 0.9 என்றால் தரை தாங்குவது 5300. விளிம்பில் நிற்கிறது, பொருத்தம் கச்சிதம்.

இப்போது எஃப்கே8 டைப்-ஆர்: 400 நியூட்டன் மீட்டர், அதே 14.90. தள்ளுவிசை 17,000 நியூட்டன் சுமார். முன்னால் 850 கிலோ இருந்து பிடிப்பு 1.0 என்றாலும் தரை தாங்குவது 8500ஐ ஒட்டித்தான். முதல் கியரில் இருப்பதில் பாதியைத்தான் தரையில் இறக்க முடியும். இன்னும் ஷார்ட் ஆக்கினால் கூடுவது சக்கரச் சுழற்சி மட்டுமே. இந்த மாதிரிக் காருக்கு முதலில் வேண்டியது டயரும், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலும்.

கடைசி கியர் ரொம்ப டாலா இருக்கே, கார்வெட்ல 0.50னு எல்லாம் பார்த்தேன். அது எதுக்கு?

எரிபொருளுக்கும் அமைதிக்கும். சி6இன் அந்தப் பெட்டியில் ஆறாவது 0.50 × 3.42 = 1.71. 285/35 ஆர்19 டயரோடு 100 கி.மீ. வேகத்தில் 1400க்கும் கீழே ஓடும். 6 லிட்டர் வி8க்கு அந்த ஆர்பிஎம்மிலேயே போதிய டார்க் உண்டு. அந்த கியரில் யாரும் உச்ச வேகத்தைத் தேடுவதில்லை. அது ஐந்திலேயே வந்துவிடும்.

நம் காரில் 1.71 போட்டால் 100இல் 1500 ஆர்பிஎம். சின்ன மேடு வந்தாலும் கியரை இறக்க வேண்டும். டால் கியர் என்பது டார்க் உள்ளவர்களுக்கான சலுகை.

ஷார்ட் ஃபைனல் போட்டா மைலேஜ் எவ்வளவு அடி வாங்கும்?

4.10லிருந்து 4.30க்குப் போனால் 100இல் 2730 என்பது 2865 ஆகும். எரிபொருள் அதே 4.9 சதவீதம் கூடிவிடாது. காற்றைத் தள்ளத் தேவையான பவர் மாறவில்லை. கூடுவது இன்ஜினின் உள் உராய்வும், த்ராட்டில் (காற்று நுழையும் வால்வு) பாதி மூடிய நிலையில் காற்றை உறிஞ்சும் இழப்பும்தான். டொயோட்டாவே 2017 மாடல் 86இல் அமெரிக்கச் சந்தைக்கான மேனுவலுக்கு 4.30 கொடுத்தது.

மறுபக்கம், எவ்வளவு டாலோ அவ்வளவு மைலேஜ் என்றும் இல்லை. 1500க்குக் கீழே முழு த்ராட்டில் கொடுத்து இழுக்கவைத்தால் எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீச்சும் (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிஸ்டன் உடையும் அளவுக்குப் போகும். இன்ஜின் அதிர்வை உறிஞ்சும் டூயல் மாஸ் ஃபிளைவீலும் இதில் சீக்கிரம் தளரும்.

டீசல் கார்ல ஃபைனல் ஏன் எப்பவும் சின்னதா இருக்கு?

ரெட்லைன் 4500ஐ ஒட்டி, டார்க் முழுக்க 1750லிருந்து 3000க்குள். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு நம் காரின் 4.10 போட்டால் 100இல் 2730. பயன்படும் பகுதி முடியப்போகிற இடம். 3.40 போட்டால் 2270, நடு மையம். பெட்ரோல் காருக்கு டீசல் பெட்டியைத் தூக்கிப் போட்டால் கார் கிளம்பவே அழும் என்பதற்கும் இதுதான் காரணம்.

ஆட்டோமேட்டிக்ல 8 கியர் எல்லாம் எதுக்கு? சிவிடிக்கு ரேஷியோ பார்க்கணுமா?

முதல் கியரைக் கடைசி கியரால் வகுத்தால் வருவது விரிவு. நம் காருக்கு 3.55 ÷ 0.76 = 4.67. முதல் தலைமுறை இசட்எஃப் 8எச்பி பெட்டியில் 4.696 ÷ 0.667 = 7.04. கிளம்புவதற்கு ஷார்ட், நெடுஞ்சாலைக்கு டால், இரண்டும் ஒரே பெட்டியில். நடுவே படிகளும் நெருக்கம். இந்தப் பெட்டியோடு வரும் கார்களில் 3க்குக் கீழான ஃபைனலைப் பார்த்து மிரள வேண்டாம், எம்எக்ஸ்-5 கேள்வியில் சொன்னதுதான். கூடவே டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் எண்ணெய் இணைப்பு), நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க்கை இரண்டு மடங்கு வரை பெருக்கித் தரும்; மேனுவல் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது.

படிகள் இல்லாமல் ரேஷியோ தொடர்ந்து மாறும் பெட்டிதான் சிவிடி; அதற்கு இரண்டு எல்லை எண்களும் ஃபைனலும் கொடுத்திருப்பார்கள். ஃபைனல் 5க்கு மேல் இருப்பதும் சகஜம். எல்லை எண்களோடு பெருக்கிப் பார்த்தால் போதும்.

எலக்ட்ரிக் கார்ல கியரே இல்லையே?

ஒன்று இருக்கிறது. ஆரம்ப டெஸ்லா மாடல் எஸ்-இல் ஒரே குறைப்பு, 9.73. மோட்டார் பூஜ்ஜியத்திலேயே முழு டார்க் தருவதாலும் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றுவதாலும் இந்த ஒன்றே போதுகிறது. போர்ஷே டைக்கான் பின்புற மோட்டாருக்கு மட்டும் இரண்டு வேகப் பெட்டி வைத்திருக்கிறது: கிளம்ப ஏறக்குறைய 15, வேகத்துக்கு ஏறக்குறைய 8. 14, 15 என்ற பழைய எண் மறுபடியும் தலைகாட்டுவதைக் கவனியுங்கள்.

பெரிய டயர் போட்டேன், பிக்கப் போயிடுச்சு. சம்பந்தம் இருக்கா?

நேரடிச் சம்பந்தம். 185/65 ஆர்15க்குப் பதில் 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 621.5லிருந்து 647.5 மி.மீ. ஆகும், 4.2 சதவீதம் அதிகம். ஃபைனலை 4.10லிருந்து 3.94க்கு இறக்கியதற்குச் சமம், சக்கர எடை கூடியது தனிக்கணக்கு. அகலம் வேண்டுமானால் உயர விகிதத்தைக் குறைத்து, 205/60 ஆர்15 எடுத்தால் 627. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் அடங்கும்.

என் கார்ல என்ன ஃபைனல் இருக்குன்னு கழட்டாம பார்க்க முடியுமா?

ஓபிடி கருவியில் (காரின் கணினியோடு இணைத்துத் தகவல் படிப்பது) ஆர்பிஎம்மும், ஜிபிஎஸ்ஸில் வேகமும் எடுங்கள். சமதளத்தில், ஒரே கியரில், வேகம் நிலையாக இருக்க வேண்டும். ஆர்பிஎம் × சுற்றளவு × 0.06 ÷ வேகம் = மொத்த ரேஷியோ. அதை அந்த கியரின் எண்ணால் வகுத்தால் ஃபைனல். ஆட்டோமேட்டிக்கில் கன்வெர்ட்டர் பூட்டிய நிலையில் எடுக்காவிட்டால் எண் கூடுதலாக வரும். டாஷ்போர்டு ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள். ஐநா விதி 39 அதைக் குறைத்துக் காட்ட விடுவதில்லை. கூட்டிக் காட்ட 10 சதவீதமும் 4 கி.மீ.யும் வரை இடம் கொடுக்கிறது.

பின்சக்கர இழுவைக் காரில் கையாலும் பார்க்கலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வையுங்கள். சாதாரண டிஃபரென்ஷியல் என்றால் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து மற்றதை 2 சுற்று சுற்றி, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு வரும் தண்டு) எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நான்கு சுற்றும் சற்றுக் கூடுதலும் என்றால் 4.10. துல்லியத்துக்கு 20 சுற்று சுற்றி, 10ஆல் வகுக்கலாம்.

ஃபைனலை மாத்தணும்னா கிரவுன் வீலும் பினியனும் வாங்கிப் போட்டா போதுமா?

பின் ஆக்ஸிலில் இருந்தால், போடுவது பாதி வேலை. அமைப்பதுதான் மீதிப் பாதி, அதுவே கடினமானது. இரண்டும் ஜோடியாக உரசிப் பொருத்தப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பினியனின் ஆழத்தை ஷிம்மால் (மெல்லிய தகட்டால்) சரிசெய்ய வேண்டும். பேரிங் முன்னழுத்தத்தை நசுங்கும் ஸ்லீவ் மூலம் வைக்கிறார்கள். நட்டை அதிகம் முறுக்கிவிட்டால் திருப்பித் தளர்த்துவது தீர்வல்ல, புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பற்களின் இடைவெளி பல கார்களில் 0.15 மி.மீ. சுமார், சரியான எண் அந்தக் காரின் கையேட்டில் இருக்கும். கடைசியாகப் பற்களில் மார்க்கிங் பேஸ்ட் பூசிச் சுற்றிப் பாருங்கள். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் உள்ளே அதிகம் போயிருக்கிறது, நுனியில் விழுந்தால் வெளியே நிற்கிறது.

முன்சக்கர இழுவையில் கியர்பாக்ஸை முழுவதும் பிரிக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் ஃபைனலின் சிறு சக்கரம் வெளி ஷாஃப்ட்டோடு ஒரே துண்டாக இருக்கும். ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும். எண்ணெயும் வேறு. ஹைப்பாய்ட் ஆக்ஸிலுக்கு (பினியன் கிரவுன் வீலின் மையத்திலிருந்து விலகி நிற்பது) ஜிஎல்-5 தர எண்ணெய். சின்க்ரோ (கியர் மாறும்போது வேகங்களை ஒத்திசைக்கும் அமைப்பு) உள்ள முன்சக்கரப் பெட்டிக்குக் கையேடு ஜிஎல்-4 சொன்னால் அதுவேதான். ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மானங்கள் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ் எல்லாம் குழம்புமா? ஆல்-வீல் டிரைவ்ல செய்யலாமா?

வேகத்தை எங்கே அளக்கிறது என்பதைப் பொறுத்தது. கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட்டில் சென்சார் இருந்தால் ஃபைனலை மாற்றியதும் தவறாகக் காட்டும். சக்கர சென்சாரிலிருந்து எடுத்தால் ஃபைனல் அதைத் தொடாது, டயர் மாற்றந்தான் தொடும்.

ஆல்-வீல் டிரைவில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் 4.30 போட்டால் முன், பின் ஷாஃப்ட்டுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயலும். நடுவே இருக்கும் கிளட்ச்சோ சென்டர் டிஃபரென்ஷியலோ அந்த வித்தியாசத்தை நாள் முழுக்க விழுங்கிக் கொதித்து எரியும்.

மாத்தின அப்புறம் ஒரு ஊளை சத்தம் வருது. ஓடி ஓடிச் சரியாயிடும்னு மெக்கானிக் சொல்றார். நம்பலாமா?

ஊளை என்பது பல்லின் தடம் தவறியதன் அடையாளம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, விடும்போது மட்டும் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்துப் பல்முகத்தில் தடம் விலகியிருக்கிறது என்று அது சொல்லும். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடும் உறுமல் என்றால் பேரிங்கைப் பாருங்கள்.

புதுப் பற்களுக்குப் பழகும் காலம் உண்டு என்பது உண்மை. முதல் ஓட்டத்தை 15, 20 நிமிடத்தில் நிறுத்தி முழுவதும் ஆறவிட வேண்டும், இப்படி இரண்டு மூன்று தடவை. முதல் 800 கி.மீ. வரை முழு த்ராட்டிலும் பாரம் இழுப்பதும் வேண்டாம், பிறகு எண்ணெயை மாற்ற வேண்டும். ஆனால் முதல் நாளே ஊளையிடும் ஜோடி பழகி அமைதியாவதில்லை. தவறான தடத்திலேயே தேய்ந்து, அந்தத் தடம் நிரந்தரமாகிவிடும். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சத்தம் சில நூறு கிலோமீட்டருக்கு மறையும், தேய்மானம் மறையாது. திறந்து, பேஸ்ட் பூசி, தடத்தைப் பார்த்து ஷிம்மை மாற்றச் சொல்லுங்கள், 500 கி.மீ.க்குள் செய்தால் அதே ஜோடியைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.